பழைய கணினியில் எக்ஸ்பி: டூயல் பூட்டா, விர்ச்சுவல்பாக்ஸா?

குளச்சலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் டிடிபி கடை. சர்ச் திருவிழா நோட்டீஸ், அம்மன் கொடை நோட்டீஸ், கல்யாணக் கார்டு எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளில் கிடக்கின்றன. மற்ற வேலைக்கு லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போதும்; பேஜ்மேக்கருக்காக மட்டும் விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும். டிஸ்க்கில் தனிப் பார்ட்டிஷனில் போட்டு, கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட்டும் பார்த்தாயிற்று; கணினிக்குள் இன்னொரு போலிக் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில், லினக்ஸுக்குள்ளேயே ஓட்டியும் பார்த்தாயிற்று. நான் இப்போது விர்ச்சுவல்பாக்ஸ் கட்சி.

வேகத்தில் டூயல் பூட்டுக்குத்தான் ஜெயம், அதில் வாதமே இல்லை. ஆனால் எங்களுடைய 4 ஜிபி கணினியில் எக்ஸ்பிக்கு 512 எம்பி கொடுத்தாலே பேஜ்மேக்கர் சுணங்காமல் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் மணமக்கள் படம் வரும்போதெல்லாம் ரீஸ்டார்ட் போட வேண்டியதும் இல்லை.

என்னை மாற்றியது உப்புக்காற்று. இங்கே மதர்போர்டு துருப்பிடித்துப் போவது சாதாரணம். டூயல் பூட் வைத்திருந்த கணினி ஒரு திருவிழா சமயத்தில் அப்படித்தான் படுத்தது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்ததால் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினேன். லினக்ஸ் ஒன்றும் நடக்காதது போல எழுந்தது. எக்ஸ்பியோ நீலத்திரையைக் காட்டி நின்றுவிட்டது. டிஸ்க் கன்ட்ரோலர் மாறினால் அதற்கு ஆகாது. மறுபடி எக்ஸ்பி, பேஜ்மேக்கர், ஃபான்ட்டு, கீபோர்டு டிரைவர் என்று மூன்று நாள் போயிற்று. "நோட்டீஸ் எப்பம் தருவீங்க?" என்று கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

அடுத்த கணினியும் இரண்டே வருடத்தில் போனது. ஆனால் அதில் எக்ஸ்பி இருந்தது விர்ச்சுவல்பாக்ஸில். வெளியே போர்டு மாறினாலும் உள்ளே எக்ஸ்பிக்குத் தெரிவது அதே பொய்ப் போர்டுதான். எக்ஸ்பி முழுதும் அடங்கிய விர்ச்சுவல்பாக்ஸ் ஃபோல்டரை நகலெடுத்து வைத்திருந்தேன்; அதைப் பழைய ஐ3 லேப்டாப்பில் போட்டேன். அன்று சாயங்காலமே கார்டு அடித்தோம்.

நகலெடுக்கும் முன் எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். பாதியில் நிறுத்திச் சேமித்த நிலை வேறு ப்ராசசரில் எழாமல் போகலாம். ஸ்னாப்ஷாட்டை (விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே அந்த நேர நிலையைச் சேமிக்கும் வசதியை) நம்பி இருந்துவிடவும் கூடாது, அதுவும் அதே டிஸ்க்கில்தானே கிடக்கிறது? எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் உள்ளே நெட்வொர்க்கையும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் ப்ராசசரில் விர்ச்சுவலைசேஷன் (போலிக் கணினியை ஓட்ட உதவும்) வசதி கட்டாயம். கோர் 2 டூவோவிலேயே சில மாடல்களில் அது கிடையாது. சில கணினிகளில் இருந்தும் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) அணைந்திருக்கும், முதலில் அங்கே பாருங்கள். அறவே இல்லையென்றால் டூயல் பூட்தான் வழி.

விர்ச்சுவல்பாக்ஸ் போலவே லினக்ஸில் உள்ள கேவிஎம்மை இரண்டு நாள்தான் ஓட்டினேன், தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் பழக்கமில்லை. யூஎஸ்பி பிரிண்டரை எக்ஸ்பிக்குள் நேராகக் கொடுத்தும் அதிகம் பார்த்ததில்லை. பிடிஎஃப் ஆக்கி லினக்ஸிலிருந்தே அடிக்கிறோம்.

ஃபோல்டரின் இன்னொரு நகல் திங்கள்சந்தையில் மச்சான் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அங்கே உப்புக்காற்று அவ்வளவாக எட்டாது.