விண்டோஸ் 11 போடப்போகிறவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள்: எனக்கு 14,800 ரூபாயும் நாலரை மாதக் கணக்கும் போய்விட்டது

நேற்று ராத்திரிதான் எனக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. கோபத்தில் தூக்கமே இல்லை. அதே கடை ஆள் இந்த வாரம் பாம்பனில் இன்னும் இரண்டு இடத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதால் விடிந்ததும் எழுதுகிறேன்.

மண்டபத்தில் நாங்கள் நண்டும் கணவாயும் எடுக்கிறோம். விசைப்படகும் நாட்டுப்படகுமாக 38 படகு எங்களுக்குச் சரக்கு போடுகிறது. யாருக்கு எவ்வளவு முன்பணம், எந்தத் தேதியில் எத்தனை கிலோ, டீசலுக்கு எவ்வளவு வாங்கினார், ஐஸுக்கு எவ்வளவு பிடித்தோம் என்று எல்லாமே ஒரு கணக்கு சாஃப்ட்வேரில்தான் இருக்கும். ஆறு வருஷமாக அதை நான்தான் ஏற்றிவருகிறேன்.

தீபாவளிக் கணக்கு முடித்த பிறகு, மழையால் படகுகள் கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதை நிறுத்தியிருந்த நாளில் அந்தத் தம்பி வந்தார். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் பழுதுபார்ப்பும் சேர்த்துச் செய்கிற ஒரு கடையின் ஆள். முன்பு எங்கள் பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்தவர்தான். “அக்கா, அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு. இனிமே எப்ப வேணாலும் நின்னுடும். டேட்டா போச்சுன்னா என்னைச் சொல்லாதீங்க” என்றார். நான் பயந்துவிட்டேன். 38 வீட்டுக் கணக்கு அதில் இருக்கிறதே!

அது முழுப்பொய் என்று இப்போது தெரிகிறது. 2025 அக்டோபர் 14-ல் நின்றது மைக்ரோசாஃப்டின் ஆதரவு மட்டும்தான். கம்ப்யூட்டர் அப்படியே ஓடும். வீட்டு உபயோகக் கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைகூட வரும். இதையெல்லாம் அவர் சொல்லவே இல்லை.

“நம்ம சாஃப்ட்வேர் விண்டோஸ் 11-ல ஓடுமா தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டேன். “அப்படியே ஓடும்க்கா. ஒரு எழுத்துகூட மாறாது, நான் இருக்கேன்ல” என்றார். என் மாமியார் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். அந்த “நான் இருக்கேன்ல” என்ற வார்த்தையைத்தான் நம்பினேன். புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க்) 5,500, ஒரிஜினல் விண்டோஸ் 4,500, கூலி 1,800, மொத்தம் 11,800 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறேன் என்றார். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை எஸ்எஸ்டிக்கு மாற்றி விண்டோஸ் 11 ஏற்றினார். அந்த டிஸ்க்கைக் கழற்றி, “இது ஸ்லோக்கா, உங்களுக்கு வேஸ்ட்” என்று பையில் போட்டுக்கொண்டார். நானும் சரி என்றேன். அந்த ஒரு ‘சரி’யை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரிஜினல் விண்டோஸ் 10 இருக்கிற, தகுதியுள்ள கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 இலவசம். எங்களுடையது 2019-ல் ஒரிஜினல் விண்டோஸோடு வாங்கியது. அப்படியென்றால் அந்த 4,500 எதற்கு?

மறுநாள் காலை சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்றே வந்தது. கரையில் படகு வந்து நிற்கிறது, எடைபோட ஆள் நிற்கிறார்கள், நான் பழையபடி சீட்டில் எழுதினேன். போன் செய்தால், “சாஃப்ட்வேர்காரங்களைக் கேளுங்கக்கா, நாங்க விண்டோஸ் மட்டும்தான்.” சாஃப்ட்வேர்காரர்களைக் கேட்டால், “விண்டோஸ் மாத்தினவங்களைக் கேளுங்க மேடம். உங்க வருஷச் சந்தா வேற முடிஞ்சிருக்கு.” இப்படியே நாலு நாள். அப்புறம் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் மட்டும் எடுத்தார்.

ஐந்தாம் நாள் வந்து, “வைரஸ்க்கா, ஃபார்மட் பண்ணணும்” என்று இன்னொரு 3,000 வாங்கினார். ஆக 14,800. பேக்கப் எடுத்தாச்சு என்று காட்டினார். டெஸ்க்டாப்பில் இருந்ததையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும்தான் எடுத்திருக்கிறார். கணக்கு இருந்த டேட்டாபேஸ் ஃபைல் சி டிரைவுக்குள் வேறொரு ஃபோல்டரில் இருந்தது. அதைத் தொடாமலே டிஸ்க்கை அழித்துவிட்டார். அதன் பிறகும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை.

நேற்று என் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்தே ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னான். எங்கள் சாஃப்ட்வேருக்கு அடியில் ஓடுவது எஸ்க்யூஎல் சர்வர், கணக்கையெல்லாம் சேமித்துவைக்கிற மைக்ரோசாஃப்ட் புரோகிராம். அது டிஸ்க்கின் செக்டார் (டிஸ்க் டேட்டாவைப் பிரித்துவைக்கிற சின்னத் துண்டு) 512 அல்லது 4,096 பைட் அளவில் இருந்தால்தான் வேலைசெய்யும். சில புது எஸ்எஸ்டிகள் அதைவிடப் பெரிய அளவைச் சொல்கின்றன. விண்டோஸ் 10 அந்த அளவைச் சர்வருக்குத் தெரிவிக்காது, விண்டோஸ் 11 தெரிவித்துவிடும். உடனே சர்வர் எழும்பாமல் நின்றுவிடும். இந்தக் கோளாறையும், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங்ஸ் பட்டியல்) ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும் என்பதையும் மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. அவன் பத்தே நிமிஷத்தில் அந்த வரியைச் சேர்த்தான். சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினோம், திறந்தது. உள்ளே ஒரு படகின் பெயர்கூட இல்லை.

அவன் இன்னொன்றும் சொன்னான். அப்கிரேடு செய்த பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ‘ரெக்கவரி’ போய் விண்டோஸ் 10-க்கே திரும்பியிருக்கலாமாம். எல்லாம் அப்படியே கிடைத்திருக்கும். ஃபார்மட் செய்ததோடு அந்த வழியும் போய்விட்டது. அந்த ஆள் வந்தது ஐந்தாம் நாள். அதற்குப்போய் 3,000 வாங்கி, இருந்ததையும் அழித்திருக்கிறார்!

பழைய டிஸ்க்கையாவது கொடுங்கள் என்று இன்று காலை கேட்டேன். “அது வேற கஸ்டமருக்குப் போயிருச்சுக்கா” என்றார். என்னிடம் இருப்பது ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கும் முன் பென்டிரைவில் எடுத்த பேக்கப் மட்டும்தான்.

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கிறேன். பில் இல்லை, 14,800 ரூபாய் அனுப்பிய ஜிபே பதிவு மட்டும் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. பழைய டிஸ்க்கை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஆறு மாதம் பீரோவில் இருக்கட்டும். சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கிற பேக்கப் பட்டனை அழுத்தி, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் விண்டோஸைத் தொடவிடுங்கள். விண்டோஸ் 11-ல் ஓடுமா என்று சாஃப்ட்வேர்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். திறக்கவில்லை என்றால் ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

தோப்புக்காட்டு மாமா ஒருவர் சொந்தக் கணக்கு நோட்டோடு வந்திருக்கிறார். எங்களிடம் வாங்கிய முன்பணத்தைக்கூட ஒன்றுவிடாமல் குறித்து வைத்திருக்கிறார். இன்னும் ஏழு பேர் வெளியே நிற்கிறார்கள். உட்கார்ந்து எழுத வேண்டும்.