அலுமாரிக்குப் பெயின்ற் அடிக்கக் குடுத்தால் முழுக்காசையும் உடனே எண்ணிக் குடுக்காதேங்கோ

நல்லூர்க் கொடியேற்றம் கிட்ட வந்தால், வெளிநாட்டுச் சொந்தங்கள் வரமுதல் பழைய தளபாடங்களுக்குப் பெயின்ற் அடிக்கக் குடுக்கிறது எங்கட வழமை. சில வேலைத்தலங்களுக்கு அந்த அவசரம்தான் மூலதனம்.

ஒரு இரட்டைக்கதவுத் தேக்கு அலுமாரி. வெள்ளை எனமல், மூன்றே நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் கிழமை, சாவித் துவாரத்தடியில் நகம் பட்டவுடன் பெயின்ற் வாழைச்சருகு மாதிரி உரிந்து வந்தது. உரிந்த துண்டின் பின்பக்கம் கண்ணாடி போல மினுங்கியது. பழைய வார்னிஷின் மினுக்கம் அப்படியே அதில் பதிந்திருக்கிறது. சான்ட் பேப்பர் பட்டிருந்தால் பின்பக்கம் கீறல் விழுந்து மங்கித்தான் இருக்கும். வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்த இடங்களில் தேக்கின் சாறு ஊறி மஞ்சள் கறை. அடிப்பூச்சான பிறைமரும் இல்லை.

வேலைத்தலத்தில் கேட்டதற்கு வந்த பதில்: "உப்புக் காத்துக்கு அப்பிடித்தான் வரும் அக்கா, இன்னொரு கோட் அடிச்சாச் சரி." அதுக்கும் காசு! ஒட்டாத படைக்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் பாரம் கூடி எல்லாம் சேர்ந்துதான் உரியும்.

பில்லில் நாலு லீற்றர் எனமல். ஆறடி உயரம், நாலடி அகலம், ஒன்றேமுக்கால் அடி ஆழம் என்றால் முன்பக்கம், இரு பக்கம், மேல்தட்டு எல்லாம் சேர்த்து 52 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடிக்கு மேல் தாராளமாக ஓடும். இரண்டு கோட்டுக்கு ஒரு லீற்றர் போதும். மிச்ச ரின்னைத் தரச்சொல்லிக் கேளுங்கோ.

மூன்றிலொரு பங்கு காசை ஒரு கிழமையாவது பிடித்து வையுங்கோ. பிறகு கதவின் உட்பக்க மூலையில் புது பிளேட்டால் 2 மி.மீ. இடைவெளியில் நெடுக்காக ஆறு கோடு, குறுக்காக ஆறு கோடு. செலோரேப்பை அமத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கோ. ஓரத்தில் பொட்டு மாதிரி வந்தால் பரவாயில்லை, கட்டம் கட்டமாக வந்தால் வேலை பிழை.

நாலைந்து இடத்தில் அப்படி வந்தால் முழுவதையும் ஸ்க்ரேப்பரால் எடுக்கவேணும், ஒட்டுப்போடுற வேலை சரிவராது. அடியில் பழைய காலத்து எனமல் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கோ, பிள்ளைகளைக் கிட்ட விடாதேங்கோ. 120 நம்பர், பிறகு 180. துடைக்கிறதுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணி வேண்டாம். படிகிற உப்பு ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கோ. தேக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம் என்றபடியால், வெறும் மரம் தெரிகிற இடத்தைப் பிறைமருக்குச் சற்று முன் தின்னரால் துடைக்கவேணும். சாறு ஊறுற இடத்துக்கு செல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கை. பிறகு எண்ணெய்ப் பிறைமர், ஒரு நாள் காயவிட்டு, 220ஆல் லேசாகத் தேய்ப்பு. எனமலுக்குத் தின்னர் பத்திலொரு பங்குக்கு மேல் போகக்கூடாது. முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 24 மணித்தியாலம், நடுவில் 320. மூன்று நாளில் இது முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கவே வேண்டாம்.

"மேலால லாக்கர் ஸ்பிரே பண்ணித் தாறம்" என்றால் மறியுங்கோ. லாக்கர் தின்னரின் வீரியத்துக்கு அடியிலுள்ள எனமல் கொதித்துச் சுருங்கும்.

லாச்சி ஓடுகிற தண்டுக்குப் பெயின்ற் வேண்டாம், மெழுகுதிரி தேய்த்தால் போதும்.

பணம் திரும்பாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போகவேணும். பில்லோடு அந்த உரிந்த துண்டையும் ஒரு என்வலப்பில் போட்டு வையுங்கோ, மினுங்குகிற பக்கம் மேலே தெரிகிற மாதிரி.