இறைச்சி அரைக்கக் கைச்சுற்று இயந்திரமா, மின்சார இயந்திரமா?

வீட்டில் இறைச்சி அரைக்க எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, மேசை விளிம்பில் பூட்டுகிற 10ஆம் எண் (எண் அளவைக் குறிக்கும்) கைச்சுற்று இயந்திரத்தைத்தான். நான் வாங்கியதும் அதையே. ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். கிளிநொச்சியில் கட்லட்டும் றோல்ஸும் ஓடருக்குச் செய்து கொடுக்கிற வீடு எங்களுடையது. பிள்ளைகளின் நச்சரிப்பால் பின்னர் சொசேஜும் சேர்ந்துகொண்டது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கிலோ இறைச்சி அரைபடும். அந்த அளவுக்குள் நின்றே பேசுகிறேன். சாப்பாட்டுக்கடை நடத்துபவரின் கணக்கு வேறு.

முதலில் கழித்துவிட வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். மிக்ஸி எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது இறைச்சியை அடித்துச் சிதைக்கிறது. சில நொடிகளிலேயே சூடாகி விழுதாகிவிடும். அவித்த இறைச்சியை உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட் பிடிப்பவருக்கு அது போதும். சொசேஜுக்கு உதவாது. இறைச்சிக்கடையிலேயே அரைத்து வாங்கலாம்தான். எந்தத் துண்டு உள்ளே போனது, கொழுப்பு எவ்வளவு, நமக்கு முன் அதே இயந்திரத்தில் என்ன இறைச்சி அரைபட்டது என்று யாருக்கும் தெரியாது. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ தொடாத வீட்டாருக்குக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும், அந்த வழியை மறுக்க.

மிஞ்சுவது இரண்டு: கையால் சுற்றுவது, மின்சாரத்தில் ஓடுவது.

கைச்சுற்றுக்காகப் பேசுகிறவர்கள் உடனே மின்வெட்டை இழுப்பார்கள். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களை யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னர், போர்க்காலத்தில், வன்னியின் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் கிடந்தது. ஆனாலும் இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. மின்சாரம் இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. குளிரில்லாமல் சொசேஜுக்கு இறைச்சி அரைக்கவே கூடாது. துண்டுகளின் விளிம்பு இறுகும்வரை உறைபெட்டியில் வைத்து எடுத்து, 4 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறவிடாமல் அரைத்தால்தான் கொழுப்பு கொழுப்பாகவே நிற்கும். இளகிவிட்டால் தசையின்மேல் பூசிக்கொண்டு, சட்டியில் போட்டதும் எண்ணெயாகப் பிரிந்து ஓடிவிடும். மிஞ்சுவது வறண்ட சக்கை. சோளகம் அடிக்கிற மாதங்களில் எங்கள் குசினி வெக்கைக்கு இது இன்னும் பொருந்தும். ஆக, குளிர் வேண்டுமானால் மின்சாரம் எப்படியும் வேண்டும்.

உண்மையில் இந்த இடத்தில் மின்சார இயந்திரத்துக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். அது வேகமாக அரைத்து முடிக்கிறது. இறைச்சி வெளியில் கிடந்து சூடாகிற நேரம் குறைகிறது. கைச்சுற்றில் அந்த வேகம் இல்லை. அதற்கு ஈடாக, வார்ப்பிரும்பு உடல் கனமானது. முந்தின இரவே உறைபெட்டியில் வைத்துவிட்டால் இரண்டு கிலோ அரைத்து முடியும்வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

மின்சார இயந்திரம் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். 2000, 3000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மோட்டார் சிக்கி நிற்கும் நொடியில் இழுக்கிற மின்சாரம். வீட்டு ரகங்கள் தொடர்ந்து ஓடும்போது பயன்படுத்துவது பொதுவாகச் சில நூறு வாட்ஸ்தான். அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் பார்த்தால் தெரியும். வெளிநாட்டு உறவுகள் அனுப்புவதிலும் ஒரு சங்கதி உண்டு. இலண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வருவது நம்முடைய 230 வோல்ட்டில் ஓடும். பிளக்கின் முள் மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவருவது 120 வோல்ட். அதை நேரே சொருகினால் புகைதான் வரும். அதற்கென்று ஒரு பெரிய மின்மாற்றி வாங்குவதென்றால், அந்தப் பணத்தில் கைச்சுற்று ஒன்றை வாங்கிவிடலாம்.

இன்னொன்று. பெரும்பாலான வீட்டு ரகங்களுக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்லுச்சக்கரம் இருக்கிறது. எலும்போ தடித்த நரம்போ சிக்கினால் அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும், அதற்காகவே வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், மாற்றுச் சக்கரம் கிடைக்கிற ஊரில். வவுனியாவில் இருக்கிற என் மச்சாளுக்கு அது போனபோது, விற்ற கடைக்காரர் “புதிதாகவே ஒன்றை எடுங்கள் அக்கா, உதிரிப்பாகம் வராது” என்று கைவிரித்துவிட்டார். இப்போது அந்த இயந்திரம் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

ஆனால் என்னைக் கைச்சுற்றின் பக்கம் சாய்த்தது இதுவும் அல்ல. கத்தியும் துளைத்தட்டும்தான்.

உள்ளே சுழல்கிற திருகு இறைச்சியை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவே. நான்கு இதழ்க் கத்தியின் தட்டையான முகமும் துளைத்தட்டின் முகமும் இடைவெளி இல்லாமல் ஒட்டிச் சுழல்கிற இடத்தில்தான் வெட்டு நடக்கிறது. அந்த இரு முகங்களும் சரியாக இருந்தால் இடியப்ப உரலிலிருந்து விழுவதுபோல இறைச்சி தனித்தனி இழையாக இறங்கும். வெள்ளைக் கொழுப்பும் சிவந்த தசையும் பிரிந்து தெரியும். கத்தி மழுங்கினால், அல்லது நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தால், இளஞ்சிவப்புக் கூழாக வழியும். பிரித்துப் பார்த்தால் கத்தியின் நடுவில் வெள்ளை நரம்பு திரி திரியாகச் சுற்றியிருக்கும். கோழித்தோல் சேர்த்து அரைக்கிறபோது இது சீக்கிரம் வரும். தோலை நன்றாக உறையவைத்து, சிறு துண்டாக்கிப் போட வேண்டும்.

இந்தக் கோளாறு எந்த இயந்திரத்துக்கும் வரும். வந்ததும் தெரிகிறதா என்பதே கேள்வி. கைப்பிடி கனப்பதைத் தோள் உடனே சொல்லிவிடும். நிறுத்தி, பிரித்து, நரம்பை எடுத்துவிட்டுத் தொடரலாம். மோட்டாருக்கு இந்த உணர்வு கிடையாது. மழுங்கிய கத்தியோடும் அது இறைச்சியை நசுக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மச்சாளின் இயந்திரம் உடைவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கூழைத்தான் தந்தது என்பது என் கணிப்பு. “இறைச்சி பழுது” என்று அவர் கடையை மாற்றிக்கொண்டிருந்தார்.

தீட்டுவது கடினமான வேலை அல்ல. ஒரு கண்ணாடித் துண்டைச் சமதளத்தில் வைத்து, அதன்மேல் தண்ணீரில் நனைகிற எமரித் தாளை விரியுங்கள். மோட்டார் சைக்கிள் வர்ணம் பூசுகிற இடங்களில் இந்தத் தாள் கிடைக்கும். முதலில் 240ஆம் நம்பர் தாள், பிறகு அதைவிட நைசான 400. கத்தியின் தட்டை முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிட்டு, அந்த முகத்தைத் தாளில் படவைத்து, எட்டுப் போடுவதுபோல் சுற்றித் தேயுங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். எல்லா இதழிலும் மை ஒரேயடியாகப் போய்விட்டால் தளம் சமமாகிவிட்டது. தட்டுக்கும் அதே வேலை. தட்டில் ஆழமான வளையக் கோடு விழுந்திருந்தால் கையால் தேய்த்து மாளாது. லேத் பட்டறையில் கொடுத்து முகத்தை ஒருமுறை சீவி எடுக்கலாம். பழகிய கத்தியையும் தட்டையும் சோடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் திருப்பிப் போட்டுவிட்டு இயந்திரத்தைக் குறைசொல்கிறவர்கள் அநேகம்: தட்டையான முகம் வெளியே, துளைத்தட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். முன்மூடி வளையத்தைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருகினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் உலோகம் உலோகத்தைத் தின்று, இறைச்சியில் சாம்பல்நிறக் கறையாக வரும்.

தேய்ந்து தீர்ந்துவிட்டால்? அங்கேதான் எண் உதவுகிறது. 5, 8, 10, 12, 22, 32 என்று உடலில் வார்த்திருக்கும் எண் துளைத்தட்டின் அளவைக் குறிக்கிறது. 8க்குத் தட்டு ஏறக்குறைய 62 மில்லிமீற்றர், 10க்கும் 12க்கும் 70, 22க்கு 82. 10க்கும் 12க்கும் தட்டு ஒரே அளவு என்பதால், எந்தக் கம்பனி வார்த்ததாக இருந்தாலும் மாற்று கிடைக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் நடுத்துளையும் ஓரத்து வெட்டும் மாறக்கூடும். பழையதைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. சிறிய மின்சார ரகங்களில் பல தங்களுக்கென்று தனி அளவு வைத்திருக்கின்றன.

எண்ணைத் தேர்வதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 5 விளையாட்டுப் பொருள். 8 சின்னக் குடும்பத்துக்குச் சரி. 22ஐயும் 32ஐயும் நான் சுற்றியதில்லை. கோவில் அன்னதானமா என்றால் அங்கே இறைச்சியே இல்லை, கலியாண வீடா என்றால் சமையற்காரர் தன் இயந்திரத்தோடு வருகிறார். 12 பெரும்பாலும் போல்ட் போட்டு நிறுத்துகிற வகை. நிரந்தரமாக ஒரு பலகையை ஒதுக்க முடிந்தவர் அதை எடுக்கலாம். 10ஐ மேசையில் பூட்டிக் கழற்றலாம். பிளாஸ்டிக் மேசை ஆகாது. பாலையிலோ முதிரையிலோ செய்த கனத்த பலகையாக இருந்தால் ஆடாது. பூட்டுக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்தால் வழுக்காது.

அடுத்து, வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பா, துருப்பிடிக்காத எஃகா? கழுவுகிற சோம்பல் உள்ளவருக்கு எஃகு. விலை கூடுதல். ஆனால் வாங்கும்போது ஒரு காந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கத்தியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வாங்க வேண்டாம்: பாத்திரம் செய்கிற எஃகைப் பதம் ஏற்றிக் கடினமாக்க முடியாது, அதில் செய்த கத்தி கூர்மை நிற்காது. உடல் அந்த எஃகாக இருக்கலாம், கத்தி இருக்கக் கூடாது. அலுமினியத்தில் வருபவை சவர்க்காரத்தில் கறுத்து, துடைத்த துணியிலெல்லாம் கறை விடும். அவற்றை நான் தொடமாட்டேன்.

என்னுடையது வார்ப்பிரும்பு. இரும்பைக் காப்பதென்றால் வெள்ளீயப் பூச்சைக் காப்பதுதான். சாம்பலும் பொச்சும் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற பழக்கம் பித்தளைக் குடத்துக்கு நல்லது; இதற்கு எமன். அரைத்து முடிந்ததும் காய்ந்த பாண் துண்டுகளைப் போட்டுச் சுற்றினால் உள்ளே ஒட்டியிருப்பதையெல்லாம் அது தள்ளிக்கொண்டு வந்துவிடும். பிறகு முதலில் பச்சைத் தண்ணீர், அதன்பின் சுடுதண்ணீரும் சவர்க்காரமும். எடுத்த எடுப்பிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் இறைச்சிப் புரதம் வெந்து பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்து, கத்தி, தட்டு, திருகு மூன்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ சேர்த்து ஊறவைத்த இறைச்சியை இதில் அரைக்க வேண்டாம். புளிப்பும் மசாலாவும் அரைத்த பிறகு சேரட்டும்.

இனி சொசேஜ் நிரப்புவது. இயந்திரத்தோடு வரும் புனலை மாட்டி அதாலேயே நிரப்பலாம். கத்தியைக் கழற்றிவிட வேண்டும். ஒருவர் இறைச்சியை அழுத்திச் சுற்ற, மற்றவர் உறையாகிற குடலைப் பிடிக்க, இரண்டு பேர் வேண்டும். அரைத்த இறைச்சி திருகுக்குள் மீண்டும் ஒருமுறை உருளுவதால் சூடாகிக் கொஞ்சம் கூழாகத்தான் செய்யும். பிஸ்டனால் அழுத்தி நிரப்புகிற தனிக் கருவி ஒன்று, நிமிர்ந்து நிற்கிற 3 லீற்றர் வகை, இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கிறது. அதன் பல்லுச்சக்கரங்கள் உலோகமாக இருக்க வேண்டும், பிஸ்டனில் காற்று வெளியேற வால்வு இருக்க வேண்டும். நான் இரவல் வாங்கித்தான் பயன்படுத்தியிருக்கிறேன்; நீண்டகாலம் எப்படி உழைக்கும் என்பதற்குச் சாட்சி சொல்ல என்னால் முடியாது. மாதத்தில் ஒருமுறை சொசேஜ் செய்கிற வீட்டுக்கு அதை வாங்கச் சொல்லவும் மாட்டேன். அவசரத்துக்கு உறையே இல்லாமல், கலவையை வாழையிலையில் உருட்டி, இரு முனையையும் கட்டி, நீத்துப்பெட்டி வைக்கிற பானையில் அவித்து எடுக்கலாம். கோழியிறைச்சியானால் நடுப்பகுதி 74 பாகைக்கு வர வேண்டும்.

உறை வேண்டுமென்றால் நமக்குக் கைக்கெட்டியது ஆட்டுக்குடல். குடல்கறிக்கு வாங்குகிறவர்களே வாங்கிவிடுவார்கள் என்பதால் இறைச்சிக்கடைத் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். உள்பக்கம் திருப்பி, கத்தியின் முதுகால் வழித்து, மெல்லிய வெண்தோல் மட்டும் மிஞ்சும்வரை உப்பில் அலசினால் போதும். இதில் ஒரு சிக்கல்: ஆட்டுக்குடல் ஒடுக்கமானது. இயந்திரத்தோடு வருகிற புனலின் வாய் பெரும்பாலும் தடித்தது, அதில் ஏற்றும்போதே கிழிந்துவிடும். 12 அல்லது 13 மில்லிமீற்றர் வாயுள்ள குழாய் தேவை. நான் பாத்திர எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, பரந்தனில் ஒரு பட்டறையில் கடைந்து ஒட்டுவித்தேன். முனையின் உள்ளும் புறமும் பிசிறில்லாமல் அரத்தால் வழவழப்பாக்கித் தரச் சொல்ல வேண்டும்; விரலில் தட்டுப்படாத பிசிறுகூடக் குடலைக் கிழித்துவிடும்.