பிசியோவா, புளோக்கைச் சுற்றும் நடையா?

பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சை வேண்டுமா, நடையே போதுமா? சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் அம்மாவின் முழங்காலில் தொடங்கியது. வயது 71. விடியலில் ஈசூன் பூங்கா இணைப்புப் பாதையில் நடந்து, ஹெல்தி 365 செயலியில் 10,000 அடி காட்டினால்தான் காப்பி. "இவ்ளோ நடக்கிறேன், எனக்கு எதுக்குடா பிசியோ?"

அந்த 10,000 எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர். விளம்பரத்துக்கு வாய்த்த எண். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான், அதில் தகராறில்லை. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத் தசைக்குப் பெரிய வேலை கிடைப்பதில்லை. மூட்டு தேய்ந்தவருக்குப் பாரத்தைத் தாங்கிக்கொடுக்க வேண்டியதோ அந்தத் தசைதான். தினமும் இவ்வளவு நடக்கிற அம்மா, லிஃப்ட் பழுதான அன்று படி இறங்கக் கைப்பிடியை விடவில்லை.

பிசியோவுக்கு இங்கே இரண்டு வழி. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் பொது மருத்துவமனைக்குப் போனால் மானியம் உண்டு, காத்திருப்பும் உண்டு. தனியாரிடம் கடிதமில்லாமலே போகலாம். ஒரு தடவைக்கு 100 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். நாங்கள் முதல் வழியில் போனோம். சூடு வைப்பார்கள், கரண்ட் வைப்பார்கள் என்று எதிர்பார்த்த அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும், மெதுவாக, பத்துத் தடவை.

"இதுக்கா டாக்சி பிடிச்சு வந்தோம்?"

அதற்குத்தான். எந்த அசைவு, எத்தனை தடவை, எந்த வலியைப் பொறுக்கலாம், எந்த வலியில் நிறுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் கண்ணுக்குத்தான் காசு. மிச்ச நாளெல்லாம் வீட்டு நாற்காலியின் பொறுப்பு. வீட்டுப்பாடம் செய்யாதவருக்குப் பிசியோவும் கோடாலித் தைலமும் ஒன்றுதான்.

என் இடது தோள் இறுகியபோது கதை வேறு. சட்டை மாட்ட முடியவில்லை. 40க்கும் 60க்கும் இடையில் அதிகம் வரும் 'உறைந்த தோள்' இது; சர்க்கரை உள்ளவர்களை இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். இதற்கு நடை உதவாது. எண்ணெய் போட்டு இழுத்துவிடச் சொன்ன நண்பர்களின் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று; வலி உச்சத்தில் இருக்கும்போது முரட்டுத்தனமாக இழுத்தால் மோசமாகும். பிசியோதான் கைகொடுத்தது, பல மாதப் பொறுமையோடு.

மகனுக்கு 15 வயது, கால்பந்தில் கணுக்கால் சுளுக்கு. வீக்கம் வடிந்ததும் திடலுக்கு ஓடப் பார்த்தான். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கச் சொன்னார் பிசியோ. அவனுக்கு இரண்டு தடவை போதும். அப்புறம் ஆட்டம்தான் மருந்து.

முதியவர்களுக்கு அது போதாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட நடையோடு நிறுத்தவில்லை. தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. அதனால் அம்மா இப்போது புளோக்கின் கீழே, முதியோர் நிலையத்தில் நாற்காலிப் பயிற்சிக்குப் போகிறார். மலாய் மாக்சிக், சீன ஆன்ட்டி, அம்மா. எண்ணிக்கை மூன்று மொழியில் நடக்கும். ஒருநாள் வராவிட்டால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். பிசியோ அறையில் இது கிடையாது.

10,000ஐ அவர் இன்னும் விடவில்லை. நாற்காலியை முடித்துவிட்டுத்தான் நடக்கப் போகிறார், அவ்வளவுதான்.