பென்டிரைவில் எம்எக்ஸ் லினக்ஸ்: ஒரு பத்திர எழுத்தரின் மதிப்பீடு

உசிலம்பட்டியில் பத்திரம் எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது, பரணில் கிடந்தது. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான எம்எக்ஸ் லினக்ஸை ஏற்றிய பென்டிரைவைச் செருகியதும் வேலைக்கு வந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கே தேவையில்லை. (2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. எங்கள் தெருவில் அதைச் சீண்டியவர் எவருமில்லை.)

பென்டிரைவில் லினக்ஸை வெறுமனே எழுதி ஓட்டினால், கணினியை அணைத்ததும் செய்த மாற்றமெல்லாம் போய்விடும். எம்எக்ஸில் அவற்றைச் சேமிக்கும் 'பெர்சிஸ்டன்ஸ்' வசதி கூடவே வருகிறது. அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, மாற்றங்களை ரேமில் வைத்திருந்து அணைக்கும்போது எழுதும்; வேகம் அதிகம், ஆனால் நடுவில் மின்சாரம் போனால் அவ்வளவுதான். மற்றது உடனுக்குடன் பென்டிரைவிலேயே எழுதும். 2 ஜிபி ரேமும் உயிரற்ற பேட்டரியும் உள்ள என் மடிக்கணினிக்கு இரண்டாவதுதான் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது, பென்டிரைவில் எம்எக்ஸை எழுதித் தரும் லைவ் யூஎஸ்பி மேக்கர் என்ற கருவியில் பென்டிரைவையே கடவுச்சொல்லால் பூட்ட முடிவது. கட்சிக்காரர்களின் ஆதார் நகலை வைத்துக்கொண்டு ஆண்டிபட்டி பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு அதன் அருமை தெரியும். இந்தப் பூட்டு தவிர, எம்எக்ஸுக்குள் நுழையும் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே தொடக்கத்தில் 'டெமோ' (demo) என்றுதான் இருக்கும். முதல் வேலையாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

தமிழுக்குக் குறையில்லை. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடுகிறது. பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த கிரயப் பத்திர மாதிரிகளும், அந்த எழுத்துருக் கோப்பைச் சேர்த்தபின் லிப்ரே ஆபீஸில் ஒழுங்காகத் திறக்கின்றன.

வேகம் பென்டிரைவைப் பொறுத்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் மலிவாகக் கிடைத்த ஒன்றில் பயர்பாக்ஸ் திறப்பதற்குள் எதிரே உட்கார்ந்திருந்தவர் கொட்டாவி விட்டார். இயங்குதளம் ஓயாமல் சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதும். மட்டமான பென்டிரைவ்கள் அதில்தான் திணறும். நல்ல யூஎஸ்பி 3.0 வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. 8 ஜிபி ரேம் உள்ள கணினி கிடைத்தால் கணினி தொடங்கும்போது 'டுரேம்' (toram) தேர்வைக் கொடுங்கள். முழு இயங்குதளமும் ரேமுக்கு ஏறிவிடும், பிறகு பறக்கிறது.

என் பழைய பிரிண்டர் மட்டும் இதில் மசியவில்லை. பிடிஎஃப் ஆக்கி எதிர் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்கிறேன்.