முத்துவின் கணுக்காலும் மேசனின் ரசமட்டமும்: லாயத்துக்கே வரும் எக்ஸ்ரே சேவை

எங்கள் லாயம் பத்தரமுல்லைக்கு உள்ளே, வயலை ஒட்டி இருக்கிறது. மொத்தம் நாலு குதிரை, பிள்ளைகளுக்குச் சவாரி பழக்குகிறோம். அதில் மூத்தவன் முத்து, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்து வந்தவன். ஆறு மாதமாக இடது முன்காலில் விட்டுவிட்டு நொண்டினான். நடக்கும்போது ஒன்றும் தெரியாது, துள்ளு நடையில் மட்டும் தலையை ஆட்டுவான். நுவரெலியாவில் குதிரைக்காரராக இருந்த என் அப்பா என்றால் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தே கணுவில்தான் கோளாறு என்று சொல்லியிருப்பார். நான் வைத்துப் பார்த்தேன். எனக்கு நாலு காலும் ஒரே சூடாகத்தான் இருந்தது.

முதலில் வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டே படம். "எலும்பில் ஒன்றுமில்லை, ஓய்வு குடுங்க" என்றார்கள். இரண்டு மாதம் சும்மா நின்று தின்றான், நொண்டல் போகவில்லை. அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. இடதா வலதா என்று காட்டும் ஈய எழுத்தே வைக்கவில்லை. அதைவிட, ஒரு படத்தின் ஓரத்தில் விரல் எலும்பு இரண்டு தெரிகிறது. குதிரையுடையது இல்லை, படம் பதியும் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நின்ற பையனுடையது.

பிறகுதான் வான் வண்டியில் மெஷினைப் போட்டுக்கொண்டு லாயத்துக்கே வரும் இந்த டொக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். இலக்கம் வேண்டுமென்றால் சவாரிக்காரர் யாரையும் கேளுங்கள், கொழும்பில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாமல் இருக்காது. ஒன்பது மணிக்கு என்றார், பதினொன்றரைக்கு வந்தார். பேஸ்லைன் வீதியில் மழை என்று காரணம். குதிரைக்கு விடியற்காலையே தீனி போட்டு முடித்துக் காத்திருந்த எனக்குத்தான் கோபம், முத்துவுக்கு ஒன்றுமில்லை.

மெஷினைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பற்றரியில் ஓடும் சிறு பெட்டி, ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்கிவிடலாம். தட்டில் வயர் இல்லை, சில நொடியில் லப்டொப்பில் படம் வந்துவிடும். காசும் அனுமதிப்பத்திரமும் இருந்தால் இந்தப் பெட்டியை யாரும் வாங்கலாம்.

வந்தவுடன் டொக்டரின் உதவியாளர் பையில் இருந்து எடுத்தது ரசமட்டம். மேசன் வைத்திருப்பாரே, அதே சாமான். எங்கள் லாயத்துத் தரை கான் பக்கம் சரிவு. கழுவிவிடச் சுகம் என்று நான்தான் அப்படிப் போட்டது. "அண்ணே, இதுல நிக்க வச்சா உடம்புப் பாரம் ஒரு பக்கம் சாயும், மூட்டு இடைவெளியும் ஒரு பக்கம் ஒடுங்கித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஒரே உயரத்தில் இரண்டு மரக்கட்டை. நொண்டுவது ஒரு கால் என்றாலும் இரண்டு முன்காலையும் கட்டையில் ஏற்றினார்கள். முழங்காலில் இருந்து கணு வரைக்கும் உள்ள நீள எலும்பு, முன்னால் இருந்து பார்த்தாலும் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் தூக்குக்குண்டு விட்டதுபோல நிற்கவேண்டுமாம்.

மயக்க ஊசி போட்டதும் அவசரப்படவில்லை. தலை தொங்கும்வரை நின்றார்கள், தொங்கிய பிறகு தாடையை ஒரு வைக்கோல் கட்டின் மேல் சாய்த்துவிட்டார்கள். மயங்கிய குதிரை ஆடும், ஆடினால் படம் கலங்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் காசு கொடுத்த வேலை. உதவியாளர் குந்தியிருந்து குளம்பின் பின்பக்கத்தைப் பார்த்தார். குதியில் இரண்டு மேடு உண்டு. அவை இரண்டையும் தொட்டு ஒரு கோடு போட்டால், பக்கவாட்டுப் படத்துக்குக் கதிர் அந்தக் கோட்டோடு ஓடவேண்டும். முதல் படத்தை டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீள எலும்பின் அடிமுனையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டை இருக்கிறது. படத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்று மறைந்து ஒரே வளைவாகத் தெரியவேண்டும். இதில் இரட்டை வளைவு. பெட்டியை ஒரு சாண்கூட இல்லை, நாலு விரல் முன்னுக்குத் தள்ளி மறுபடி எடுத்தார். வளைவு ஒன்றானது, மூட்டு ஒரு கறுப்புக் கோடாகத் திறந்தது. கீழ் எலும்பின் முன் உதட்டில் குறுணி அரிசி அளவில் ஒரு துண்டு தனியே நின்றது.

பழைய படத்தில் அந்த இடத்தை இரண்டாவது வளைவு மூடியிருந்தது. நாலு விரல்!

முன்னிருந்து எடுக்கும்போதும் இதே கதை. கணுவுக்குப் பின்னால் இரண்டு சிறு எலும்பு உண்டு. தரைக்குச் சமாந்தரமாக எடுத்தால் அவை மூட்டின் மேலேயே வந்து விழும். பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, 20 பாகை கீழ்நோக்கிச் சாய்த்ததும் அவை மேலே விலகின. பிறகு இரு பக்கமும் 45 பாகையில் சரிவாக ஒவ்வொன்று, காலை மடக்கி ஒன்று. ஒரு மூட்டுக்கு மொத்தம் ஐந்து படம். துண்டு உட்பக்கத்தில் என்று சரிவுப் படம்தான் சொன்னது.

குளம்பையும் எடுத்தார்கள். லாடத்தைக் கழற்றி, அடியில் உள்ள பள்ளங்களில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அடைத்தார்கள், இல்லாவிட்டால் அதில் நிற்கும் காற்று எலும்பு வெடிப்புபோலக் காட்டுமாம். களிமண் என் மகளுடையது. பச்சை நிறம். திருப்பிக் கேட்டாள், கொடுக்கவில்லை.

தட்டை ஒருவரும் கையால் பிடிக்கவில்லை, நீளப் பிடி இருந்தது. கயிறு பிடித்த எனக்கும் ஈய அங்கியும் கழுத்துப் பட்டையும் தந்தார்கள். கொழும்பு வெயிலில் அது தண்டனை, போதாததற்கு முன்பு போட்டவரின் வியர்வை நாற்றம் வேறு. தூரமும் முக்கியம் என்றார் டொக்டர், இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால் பங்காகிவிடும். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் எடுத்த அனுமதிப்பத்திரத்தை நான் கேட்காமலே காட்டினார். உங்களிடம் வருபவர் காட்டாவிட்டால் கேளுங்கள்.

குறை சொல்லாமல் விடமுடியாது. படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், வந்து சேரும்போது தெளிவு பாதி போய்விட்டது. வெளிநாட்டில் ஒரு டொக்டரிடம் கருத்துக் கேட்க அனுப்பினேன், "இதில் அளக்க முடியாது, மூலக் கோப்பு வேண்டும்" என்று பதில் வந்தது. மூலக் கோப்பு கைக்கு வர மூன்று தொலைபேசி அழைப்பும் ஒன்பது நாளும் ஆனது. எடுக்கும் அன்றே பென்டிரைவ் நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணமும் சும்மா இல்லை, அந்த மாதத்துத் தவிட்டுக் காசு அப்படியே போனது.

ஆனாலும் அடுத்த தவணைக்கும் இவர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். போன கிழமை லாயத்துக்கு முன்னால் பன்னிரண்டடிக்குப் பத்தடி சிமெந்துத் தளம் ஒன்று போட்டேன். மேசன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ஓட வாட்டம் விடாமப் போடச் சொல்றீங்களே, மொதலாளி, யாரு படுக்க?" என்று கேட்டான். முத்து வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றான்.