சுளுக்குக்கு மாத்திரையா, பூச்சா? டைக்ளோஃபினாக் ஜெல் குறித்து ஒரு மதிப்பீடு

கணுக்கால் பிசகினாலும் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டாலும் மருந்துக் கடையில் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைதான். நான் ஓடும் குழுவில் சிலர் நீண்ட ஓட்டத்துக்கு முன்பே, வலி வராமலிருக்கட்டும் என்று அதை விழுங்கிவிட்டு வருகிறார்கள். அந்தப் பழக்கம் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. அதே மருந்து பூச்சாகக் கிடைக்கும்போது பலர் அதை வெறும் தைலமாகக் கருதி ஒதுக்குவதால், 1.16 விழுக்காடு டைக்ளோஃபினாக் டைஎத்திலமைன் ஜெல்லைப் பற்றி எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

பலனைப் பொறுத்தவரை இது தைலம் அன்று. சுளுக்கு, தசை இழுப்பு போன்ற திடீர் வலிகளுக்கான பூச்சு மருந்துகளைப் பற்றிய 61 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், எமல்ஜெல் என்னும் ஜெல் வடிவ டைக்ளோஃபினாக் பூசியவர்களில் 78 விழுக்காட்டினர் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நல்ல நிவாரணம் பெற்றிருந்தார்கள். மருந்தில்லாத ஜெல்லைப் பூசியவர்களில் அப்படிப் பெற்றவர்கள் 20 விழுக்காடு மட்டுமே. இந்த எண்கள் இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து கிடைத்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கீழ்முதுகு தவிர்த்த இத்தகைய காயங்களுக்குப் பூச்சு மருந்தையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது.

பக்கவிளைவுகளைப் பார்க்கும்போதுதான் இந்தத் தேர்வின் நியாயம் முழுமையாகப் புலப்படுகிறது. ஒரு முழங்காலுக்கு உரிய அளவில் பூசினால், மாத்திரையால் இரத்தத்தில் சேரும் மருந்தில் சுமார் 6 விழுக்காடே சேர்கிறது. வியர்வையால் உடல் நீரிழக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் காப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் தடுப்பதும் அவற்றைத்தான். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓடியவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் கொடுத்தபோது 52 விழுக்காட்டினரிடம் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 34 விழுக்காடு. பங்கேற்றவர்கள் 89 பேர் மட்டுமே என்பதால் இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் ஓடுபவர்கள் இதைப் புறக்கணிக்கலாகாது.

இனி பயன்பாடு. ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை என்பதே மருந்துடன் வரும் குறிப்புத்தாள் சொல்லும் அளவு. அதன்படி பூசினால் 30 கிராம் குழாய் இரண்டு முதல் ஐந்து நாள்களில் தீர்ந்துவிடும். பட்டாணி அளவு தடவிவிட்டு மறுநாளே பலனில்லை என்று தூக்கிப் போடுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைகளில் அதிகம் விற்பவை டைக்ளோஃபினாக்குடன் மென்தாலும் மீத்தைல் சாலிசிலேட்டும் கலந்த கலவைகள். பூசியவுடன் உணரும் குளிர்ச்சியும் எரிச்சலும் இவற்றால் வருபவை, டைக்ளோஃபினாக்கால் அல்ல. மீத்தைல் சாலிசிலேட் தோல் வழியே உட்புகக்கூடியது. 2007-இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்ட வீராங்கனை ஒருவர், அது கலந்த பூச்சுகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் உயிரிழந்தார். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்னும் மருந்தை உட்கொள்பவர்களுக்கு அது இரத்தக் கசிவு அபாயத்தையும் கூட்டுகிறது. எனவே கலவையற்ற ஜெல்லையே கேட்டு வாங்குங்கள் என்பது என் பரிந்துரை.

ஜெல்லுக்கும் எல்லைகள் உண்டு. புண்பட்ட தோலில் பூசக்கூடாது. பூசிய இடத்தை வெயிலில் காட்டக்கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வருபவர்களும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை அண்மையில் உட்கொண்டவருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் வலி எடுத்தால், அதைப் பயிற்சிக் காயமென்று எண்ணி ஜெல் பூசிக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்வது ஆபத்தானது. அம்மருந்துகளே தசைநாணை அறுந்துபோகச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை சேர்க்க ஆணையிட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

பிசகிய காலை ஊன்றி நான்கு அடி எடுத்துவைக்க இயலவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ, ஜெல்லைத் தேடாமல் எக்ஸ்ரே எடுக்கச் செல்லுங்கள்.